பேக் ஷாட்டில் வைத்த வசனம்

நீங்க மூணு தரம் திரும்பிப் பாத்துட்டீங்க. கேட்டுடுங்கம்மா, தப்பில்ல. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கோமேன்னுதானே? கண்டக்டர்கிட்ட நான் ‘ராஜபாளையம் ஒண்ணு’ன்னு சொன்னதுமே உங்க தலை திரும்பிச்சு, நான் கவனிச்சேன். மூஞ்சியைப் பாத்தா தெரியாது, என் மூஞ்சி ஒருத்தருக்கும் தெரியாது. வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா? அப்ப சரி. உங்க வீட்டு டிவியில காலைல ஏழு மணிலேர்ந்து கத்துறது நான்தான்.

டப்பிங் பேசுறேன். கார்ட்டூன்ல பையன் பேசுறான் பாருங்க, அது பையன் பேசுறதில்ல. பெரும்பாலும் எங்களை மாதிரி அம்பதைத் தாண்டின பொம்பளைங்கதான். நெசப் பையனைக் கூட்டிட்டு வந்தா அரை மணி நேரத்துல அவனுக்கு ஒண்ணுக்கு வந்துடும், பசி வந்துடும், அம்மாவைத் தேடும். அப்படியும் பேசிப் பழகினான்னா ரெண்டு வருஷத்துல குரல் உடைஞ்சு ஆம்பளையாயிடுவான். எங்களுக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. எங்கிட்ட ஏழு பையன் இருக்கான். சளி பிடிச்சவன் ஒருத்தன், வாலுப் பய ஒருத்தன், சோத்தைக் கண்டா விடாதவன் ஒருத்தன், பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருத்தன், இப்படி. எவன் வேணும்னு சொன்னாப் போதும், எடுத்து விட்டுடுவேன். இருங்க, ‘டேய் என் சைக்கிள எவன்டா எடுத்தது?’ பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. முன் சீட்டுக்காரர் கூடத் திரும்பிப் பாக்குறாரு.

இப்ப எங்க போறேன்னு கேளுங்க. எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரப் போறேன். பதினெட்டு நாளா அவங்க அண்ணன் வீட்ல போய் உக்காந்துட்டு இருக்காரு, கோவிச்சுக்கிட்டு. அறுபத்திரண்டு வயசுல ஒரு மனுஷன் கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போவாராம்மா? கேக்கவே கூச்சமா இல்ல? எதுக்குக் கோவம்னா, ஒரு வசனத்துக்கு. ஒரு கார்ட்டூன் படத்துல பதினோரு செகண்டு வர்ற ஒரு வசனம். அதுக்குப் போய் முப்பத்தஞ்சு வருஷக் குடும்பத்தை விட்டுட்டுப் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு. நீங்களே நியாயம் சொல்லுங்க. ராஜபாளையம் போய்ச் சேர இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு, எனக்கும் பொழுது போகணும்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு பேய்ப் படம் வந்துச்சே, பாத்தீங்களா? பேய்ப் படம்னதும் பயந்துடாதீங்க, குழந்தைங்க படம். கம்ப்யூட்டர்ல வரைஞ்சு எடுத்தது. வெளிநாட்டுல அது நூறு வருஷத்துக்கு முந்தின கதையாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்ல எல்லாரையும் உக்கார வெச்சு அந்தக் கதையைப் படிச்சுக் காட்டுவாங்களாம். நாம தீபாவளிக்குப் பேய்க்கதை கேப்போமா? எண்ணெய் தேச்சுக் குளிச்சமா, புதுத்துணியைப் போட்டமா, பட்டாசு வெடிச்சமான்னு இருப்போம். அவங்களுக்குப் பண்டிகைன்னா பேய் வரணும். ஊருக்கு ஒரு பழக்கம், நாம என்ன சொல்றது.

கதை இதுதான். பனி கொட்டுற ஊர்ல ஒரு தபால்காரர். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கூட லீவு போட மாட்டாரு, வேலை வேலைன்னு அலையுற மனுஷன். அவரோட பையன் செத்துப்போய்ப் பல வருஷம் ஆச்சு. அன்னிக்குக் கடிதாசுப் பையைத் தூக்கிட்டுக் கிளம்பறாரு, வழியில ஒரு பையன் வந்து சேர்ந்துக்கிறான். நானும் வரட்டுமாங்கிறான். வீடு வீடாக் கூடவே போறான். யார் வீட்டுப் பிள்ளைடா நீன்னா சிரிக்கிறான். நடுவுல பேசுற வாத்து ஒண்ணு வரும், குழந்தைங்க சிரிக்கணுமில்ல. எல்லா வீட்டுக்கும் கொடுத்து முடிச்சு, கடைசியாப் பையில ஒரே ஒரு கடிதாசு. விலாசத்தைப் பாத்தா தபால்காரரோட சொந்த வீடு. அங்க வந்து நிக்கும்போதுதான் இவன் நம்ம பையன்னு அவருக்கு உறைக்குது. உறைக்கிறதுக்குள்ள அவன் திரும்பிப் பனிக்குள்ள நடந்து போயிடுறான். அவ்வளவுதான் கதை. எழுதின ஆளுக்கு மனசு கல்லாத்தான் இருந்திருக்கணும்.

அந்தப் பேய்ப் பையனுக்குத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. சாலமன்னு ஒரு இன்ஜினியர், நல்ல பிள்ளை, அவன்தான் ரிக்கார்டிங். மொதல்ல சாம்பிள் பேசி வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பணும், அவங்க சரின்னாத்தான் மேல போகலாம். என் ஏழு பையனையும் வரிசையா அனுப்பினோம். ஏழு பேரையும் திருப்பி அனுப்பிட்டாங்க. எல்லாம் கார்ட்டூன் பையன் மாதிரி இருக்காம்! கார்ட்டூன் படத்துக்குக் கார்ட்டூன் பையன் வேண்டாமாம்! எனக்கு வந்த கோவத்துக்கு ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டேன். முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், ஒருத்தன் என்னை வேண்டாம்னு சொன்னதில்ல. சாலமன்தான் வெந்நீர் கொண்டாந்து கொடுத்தான். ‘அக்கா, யாரையும் மனசுல வெச்சுக்காம, சும்மா ஒரு பையன் பேசுற மாதிரி பேசுங்க’ன்னான்.

வாயைத் திறந்தேன். அது வந்துச்சு.

அது எப்படி வந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சத்தியமாத் தெரியாது. வார்த்தை ஆரம்பிக்கும்போது லேசாக் கரகரப்பு, முடியும்போது மூச்சு தீந்து போயிடும், கடைசி எழுத்தை மூச்சில்லாமச் சொல்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாலமன் அப்படியே என்னைப் பாத்துட்டு உக்காந்திருந்தான். ஒரு மணி நேரத்துல கம்பெனிலேர்ந்து பதில் வந்துடுச்சு, இந்தப் பையன்தான் வேணும்னு. பெருமையாத்தான் இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்.

யார் குரல்னு கேக்க மாட்டீங்களா?

எனக்கு ஒரு பையன் இருந்தான்மா. குமரகுருன்னு பேர், குருன்னு கூப்பிடுவோம். எட்டு வயசுல போயிட்டான். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. வேண்டாம்மா, நீங்க கையைப் பிடிக்க வேண்டாம், நான் நல்லாத்தான் இருக்கேன். அதையெல்லாம் அழுது முடிச்சாச்சு. அந்த ஏழு பேர்ல ஒருத்தன் கூட அவன் கிடையாது. அவனை நான் தொட்டதே இல்ல. எத்தனையோ படத்துல, இந்த இடத்துக்கு அவன் குரல் கச்சிதமா இருக்குமேன்னு தோணும், தொட மாட்டேன். தொழில்ல எனக்குன்னு அப்படி ஒரு நியாயம் வெச்சிருந்தேன். இந்தப் படத்துல அதுவா வந்துடுச்சு. வந்ததை நான் என்ன பண்ண முடியும்?

எங்க வீட்டுக்காரர் சினிமாவுல லைட்மேன். பெரிய பெரிய விளக்கைத் தோள்ல தூக்கிட்டு மலையில ஏறுவாங்க பாருங்க, அந்த வேலை. இப்ப முட்டி போயிடுச்சு, வீட்ல இருக்காரு. அப்பெல்லாம் ஷூட்டிங் முடிஞ்சு எந்நேரத்துக்கு வருவாருன்னு சொல்ல முடியாது. இவன் அப்பா வர்ற வரைக்கும் தூங்க மாட்டேன்னு அடம் பிடிப்பான், அஞ்சு நிமிஷத்துல கண்ணு சொக்கிடும். அவர் வந்து, ‘என்னடா குரு, தூங்கிட்டியா’ன்னு கேட்டா உடனே, ‘இல்லப்பா, கண்ணு மட்டும்தான் மூடியிருக்கு’ம்பான். தினமும் இதே கேள்வி, இதே பதில். கண்ணைத் திறக்காமச் சொல்லுவான். அவரும் தினமும் சிரிப்பாரு. வேற வேலையில்ல அப்பனுக்கும் பிள்ளைக்கும்.

அந்தத் தடவை மூணாறுல ஒரு பாட்டு எடுத்தாங்க. ஒரு வாரத்துல வந்துடறேன்னு போனாரு. போன மறுநாள் இவனுக்குக் காய்ச்சல். மூணாம் நாள் தலைக்கு ஏறிடுச்சு, ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். அப்ப எங்ககிட்ட ஏது செல்போன்? லாட்ஜுக்குப் போன் போட்டு, ரிசப்ஷன்ல சொல்லி, அவங்க சாயங்காலம் அவர்கிட்ட சொல்லி, அவர் மேனேஜரைக் கேட்டு, மேனேஜர் ‘நாளைக்கு ஒரு நாள் வேலைய முடிச்சுட்டுப் போயிடு’ன்னாராம். இவரும் சரின்னுட்டாரு. காய்ச்சல்தானேன்னு நெனைச்சிருக்காரு. நான் அவரைக் குத்தம் சொல்லலம்மா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட, நீங்க ஏன் அன்னிக்கே கிளம்பலன்னு நான் சொல்லிக் காட்டினதில்ல. அக்கம் பக்கத்துல வேணா கேட்டுப் பாருங்க. அந்த விஷயத்துல என் வாயைத் திறந்ததே இல்ல.

பிள்ளை போனது மத்தியானம் ரெண்டரை மணிக்கு. அவர் வந்து சேர்ந்தது மறுநாள் பதினோரு மணிக்கு.

எல்லாம் முடிஞ்சு வீட்ல நாங்க ரெண்டு பேரும் தனியா இருந்தப்போ ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. ‘அவன் என்னைக் கேட்டானா?’ நான், ‘இல்லைங்க, நினைவே இல்ல, தூங்கிட்டே போயிட்டான்’னு சொன்னேன். அப்படியான்னாரு. அதுக்கப்புறம்தான் ஒரு வாய் சோறு உள்ள போச்சு. வருஷா வருஷம் திதி அன்னிக்குப் படத்துக்கு முன்னால இலை போட்டுட்டு அதே கேள்வியைக் கேப்பாரு. நானும் அதே பதிலைச் சொல்லுவேன். அதைக் கேட்டாத்தான் சாப்பிடுவாரு. இருபத்திரண்டு இலைம்மா. இருபத்திரண்டு தடவை நான் அதைச் சொல்லியிருக்கேன், ஒரு தடவை கூடக் குரல் நடுங்கினதில்ல. அவருக்காகத்தான் சொன்னேன். அவர் தாங்க மாட்டாரு.

கேட்டான். கேட்காம இருப்பானா? 

இது என்ன ஊரு, திருமங்கலம் தாண்டிட்டமா? சரி, விஷயத்துக்கு வர்றேன். பேக் ஷாட்டுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? பாத்திரம் நமக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கும், வாய் தெரியாது. எங்க தொழில்ல அது கொடுத்து வெச்ச இடம். வாய் தெரிஞ்சா அந்த உதடு அசையுற அளவுக்குத்தான் தமிழ் பேசணும், ஒரு எழுத்து கூடினாலும் ஒட்டாது. முதுகைக் காட்டிட்டான்னா எதை வேணா பேசலாம். முன்னால விட்டுப்போனதை அங்க வெச்சுக்கலாம், புரியாத சமாச்சாரத்தை அங்க விளக்கிடலாம். எழுதிக் கொடுத்த வசனப் பேப்பர்ல இல்லாட்டியும் நாங்களே ஏதாவது வைப்போம். எல்லா டப்பிங் ஆர்ட்டிஸ்டும் பண்றதுதான். காலி இடத்தைப் பாத்தா எங்களுக்கு வாய் சும்மா இருக்காது.

அந்தப் பையன் பனிக்குள்ள போற ஷாட்டு பேக் ஷாட்டு. பதினோரு செகண்டு. வெள்ளைக்காரன் படத்துல அந்த இடத்துல வெறும் காத்து சத்தம்தான். சாலமன் சொன்னான், ‘அக்கா, இங்க ரொம்பக் காலியா இருக்கு, பையன் சின்னதா ஒண்ணு சொல்லிட்டுப் போனா நல்லா இருக்கும், ஏதாவது போடுங்க’ன்னான். பேப்பர்ல ஒண்ணும் இல்ல. நான் என்ன போடலாம்னு யோசிக்கக்கூட இல்லம்மா. சிவப்பு விளக்கு எரிஞ்சுது, பேசிட்டேன்.

‘அப்பா வந்துட்டாங்களா? வந்ததும் சொல்லு. நான் தூங்கல, கண்ணு மட்டும்தான் மூடியிருக்கு.’

பதினோரு செகண்டுக்குள்ள கச்சிதமா உக்காந்துச்சு. ஒரே டேக். சாலமன் வெளியில எந்திரிச்சுப் போயிட்டான், சிகரெட்டு பிடிக்கன்னான், அவன் சிகரெட்டே பிடிக்க மாட்டான். கம்பெனிக்காரங்களுக்கு மொழி பெயர்த்து அனுப்பினோம், பிரமாதம்னுட்டாங்க.

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க? வேணும்னே பண்ணேன்னு நெனைக்கிறீங்களா? எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க, சாலமன் கூடக் கேட்டான். அட, காலியா ஒரு இடம் இருந்துச்சு, வாயில வந்ததைப் போட்டேன். தொழில். வேணும்னு பண்றவ வேற மாதிரி பண்ணியிருப்பா.

சரி, அவரை ஏன் படத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னு கேப்பீங்க. நான் பேசின எந்தப் படத்துக்கும் அவர் வந்ததில்ல. ‘உன் குரலை வீட்லயே தேவைக்கு மேல கேக்குறேன்’ம்பாரு. இந்தப் படத்துக்கு நான்தான் விடாம நச்சரிச்சேன். பெரிய படம், இத்தனை வருஷம் கழிச்சு டைட்டில்ல என் பேர் தனியா வருது, பொண்டாட்டி பேரைப் பெரிய திரையில பாக்க வேண்டாமா? இஸ்திரி போட்ட சட்டையை நானே எடுத்து மாட்டிவிட்டு, வடபழனியில பகல் காட்சிக்குக் கூட்டிட்டுப் போனேன். தியேட்டர் பூரா குழந்தைங்க. ஒரே இரைச்சல், பாப்கார்ன் கீழ கொட்டிக் கெடக்கு.

பையன் மொதல் வசனம் பேசினான் பாருங்க, ‘நானும் வரட்டுமா’ன்னு. இவர் சீட்டுல நிமிர்ந்து உக்காந்தாரு. என் பக்கம் திரும்பவே இல்ல. திரையையே பாத்தாரு. நான் ஓரக்கண்ணால பாத்துட்டே இருந்தேன். அவருக்குக் கோவமில்லம்மா அப்ப. அவர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். வாத்து வந்தப்போ குழந்தைங்களோட சேர்ந்து சிரிச்சாரு. என் கையை எடுத்து அவர் மடியில வெச்சுக்கிட்டாரு, கல்யாணமான புதுசுல வெச்சுக்கிட்ட மாதிரி. எவ்வளவு நல்ல காரியம் பண்ணியிருக்கோம்னு நெனைச்சேன். 

அப்புறம் அந்த இடம் வந்துச்சு.

கையை எடுத்துட்டாரு. படம் முடிஞ்சு லைட்டு போட்டும் எந்திரிக்கல. என் பேர் ஓடுது, பாக்கல. கூட்டுறவங்க வந்து பெரியவரே எந்திரிங்கன்னு சொன்னதுக்கப்புறம்தான் எந்திரிச்சாரு.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழட்டல. ‘கண்ணு மட்டும்தான் மூடியிருக்கு, சரி, அது எனக்குச் சொல்றது. வந்ததும் சொல்லுங்கிறது எனக்குச் சொல்றதில்லையே. நான் வந்துட்ட பின்னாலதானே அவன் என்கிட்ட பேசுவான்? வந்ததும் சொல்லுன்னு அவன் யாருகிட்ட சொன்னான்?’னு கேட்டாரு. லைட்மேன்மா அவர், எட்டாவது வரைக்கும் படிச்சவரு. எவ்வளவு கரெக்டாப் பிடிச்சாரு பாருங்க. நான் அடுப்படியில நின்னுட்டு இருந்தேன். ‘ஆஸ்பத்திரியிலயா?’ன்னாரு. நான் திரும்பி நின்னு அடுப்பைத் துடைக்க ஆரம்பிச்சேன். அவ்வளவுதான். உள்ள போய்ப் பையை எடுத்தாரு, நாலு துணியைத் திணிச்சாரு, கிளம்பிட்டாரு. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். எதிர் வீட்ல நட்சத்திரம் கட்டிட்டு இருந்தாங்க. ஏணியைப் பிடிச்சுட்டு நின்ன அம்மா, ‘என்னக்கா, சார் ஊருக்கா’ன்னு கேட்டாங்க, ஆமாங்கன்னேன்.

கோவம் வருமா வராதா எனக்கு? இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷன் நிம்மதியாச் சாப்பிடணும்னு நான் வாயைக் கட்டிட்டு இருந்தேன். ஒரு நாள் வாய் தவறிடுச்சு. அதுக்கு இத்தனை தண்டனையா? அவர் மூணாறுல இருந்தப்போ ஆஸ்பத்திரி வராந்தாவுல தனியா நின்னது யாரு? டாக்டர் பின்னால ஓடினது யாரு? மருந்துச் சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு, பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னு தவிச்சது யாரு? அதையெல்லாம் நான் சொன்னேனா? சொல்லலையே. இப்ப உங்ககிட்டதான் சொல்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரா? அஞ்சு நிமிஷம் நிக்குமா? அந்தப் பால்கோவா ஒரு அரை கிலோ வாங்கித் தாங்கம்மா, ஜன்னல் வழியாவே தருவான். எங்க ஓரகத்திக்கு. பாவம், அவங்கதான் இவருக்கு வடிச்சுக் கொட்டிட்டு இருக்காங்க.

அவங்கதான் போன் பண்ணாங்க, போன வாரம். ‘கோமளா, உன் வீட்டுக்காரருக்கு என்னமோ ஆயிப்போச்சு, தெனமும் சினிமாவுக்குப் போறாரு’ன்னாங்க. எந்தப் படம்னு நான் கேக்கவே இல்ல. ராஜபாளையத்துல ஒரு தியேட்டர்ல பகல் காட்சி மட்டும் ஓடுதாம் அந்தப் படம். இவர் தெனமும் போய், பின்னால கடைசி வரிசையில உக்காந்துக்கிறாராம். அந்த இடம் முடிஞ்சதும் எந்திரிச்சு வெளியில வந்துடுவாராம், மிச்சத்தைப் பாக்கறதில்லையாம். அவங்க பேத்தி ஒரு நாள் இவரோட போயிருக்கா. அந்தப் பையன் அப்பா வந்துட்டாங்களான்னு கேட்டதும் இவர், ‘வந்துட்டேன்டா’ன்னு சத்தமாச் சொன்னாராம். முன்னால உக்காந்திருந்த பசங்கள்லாம் திரும்பிப் பாத்துச் சிரிச்சுதுங்களாம். ‘சின்னத் தாத்தா ஏன் அப்படிக் கத்துனாங்க’ன்னு அந்தப் பிள்ளை வீட்ல வந்து கேட்டிருக்கு.

ஒரு நிமிஷம் இருங்கம்மா. கண்ணுல தூசி. ஆமா, தூசின்னுதான் சொல்லுவேன்.

பொங்கலுக்குப் பெரிய ஹீரோ படம் வருதில்ல, அதனால இதை இன்னியோட எடுத்துடுறாங்க. நேத்திக்குச் சாயங்காலம் அவரே போன் பண்ணாரு. பதினெட்டு நாள்ல மொதல் தடவை. எப்படி இருக்கே, சாப்பிட்டியா, ஒண்ணும் கேக்கல. ‘நாளையோட படம் போயிடுது. நீ வா’ன்னாரு. அவ்வளவுதான், எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்னு இருந்துச்சு. வர்றேங்க, காலைல மொத ரயிலைப் பிடிச்சு வர்றேங்கன்னேன். வெச்சுடுவாருன்னு பாத்தா வெக்கல. ‘அவன் கேட்டான்ல, அதுக்கு நீ என்ன பதில் சொன்ன?’ன்னாரு.

வந்து சொல்றேன்னு வெச்சுட்டேன்.

ரயில்ல மதுரை வர்ற வரைக்கும் அதைத்தான் சொல்லிப் பாத்துட்டு வந்தேன். எனக்கு எதையும் ஒரு தரம் பேசிப் பாத்தாத்தான் நிக்கும், தொழில் அப்படி. கேளுங்களேன். ‘வந்துட்டே இருக்காங்க கண்ணு, வந்ததும் அம்மா எழுப்புறேன், நீ தூங்கு.’ எப்படி இருக்கு? ‘கண்ணு’ங்கிற இடத்துல கொஞ்சம் இழுத்துட்டேனோ? இழுக்காமச் சொன்னா இன்னும் நெசமா இருக்கும். ‘வந்துட்டே இருக்காங்க கண்ணு.’ இப்ப? நம்புற மாதிரி இருக்கில்ல? நம்பிடுவாரு. அதைக் கேட்டா அவருக்கு மனசு ஆறிடும். ரெண்டு நாள்ல கிளம்பிச் சென்னைக்கு வந்துடுவோம், பழையபடி எல்லாம் சரியாயிடும்.

அப்படித்தான் சொன்னீங்களான்னு கேக்குறீங்களா? பின்ன? எட்டு வயசுப் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு அப்பா வந்துட்டாங்களான்னு கேட்டா, பெத்தவ வேற என்ன சொல்லுவா? நீங்களும் பிள்ளை பெத்தவங்கதானே, நீங்க வேற என்ன சொல்லுவீங்க? என்ன கேள்வி இதெல்லாம். 

ஊர் வந்துடுச்சு போலிருக்கே. எல்லாரும் எந்திரிக்கிறாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன்னெல்லாம் அவர் சொல்லல, நானே ஆட்டோ பிடிச்சுப் போயிடலாம்னுதான்...

அதோ. அந்த டீக்கடைக்கு முன்னால, நீலச் சட்டை. அவர்தான். எளைச்சுட்டாரும்மா, கழுத்தெலும்பு தெரியுது பாருங்க. பகல் காட்சி முடிஞ்சு நேரா இங்க வந்திருப்பாரு. ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டு வர்றாரு. நான் போறேம்மா. அந்தப் பொட்டலத்தைக் கொடுங்க. ரொம்பப் பேசிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கொஞ்சம் வழி விடுங்கப்பா. கண்டக்டர் சார், கத்தாதீங்க, இறங்கத்தான் போறேன், ஒரே நிமிஷம்.

என்னங்க. இல்ல, நீங்க ஏறாதீங்க, முட்டி வலிக்கும், அங்கேயே நில்லுங்க. நான் இந்தப் படியிலேயே நின்னு சொல்லிடுறேன். கீழ இறங்கிட்டா எனக்கு வேற பதில் வந்துடும், அதை நல்லாப் பேசிப் பழகிட்டு வந்திருக்கேன். ‘உங்கப்பா வரமாட்டாரு, பேசாமப் படு’ன்னு சொன்னேங்க. அதான் நான் சொன்னது. மூணு நாளாக் கண்ணு மூடல, உங்க மேல அவ்வளவு ஆத்திரம், அதைப் புள்ளைகிட்டக் காட்டிட்டேன். சத்தமாத்தான் சொன்னேன், பக்கத்துக் கட்டில்காரங்க திரும்பிப் பாத்தாங்க. சரிம்மான்னான். அப்புறம் அவன் பேசவே இல்ல. நான் எவ்வளவு கூப்பிட்டும் பேசல. உங்களுக்காக நான் மறைக்கலைங்க. எனக்காகத்தான் மறைச்சேன்.

பையை விடுங்க, கனமா இருக்கு, நான் தூக்கிக்கிறேன். விடுங்கன்னா. எல்லாரும் பாக்குறாங்க. ஏங்க, ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது செய்யுங்க.